தாயின் பெயர்: இந்திராணி

ஜூன் 4, ஞாயிறு

குமரன் அவென்யூ நலச்சங்கக் கூட்டம் பிள்ளையார் கோவில் பக்கத்து ஷெட்டில் நடந்தது. அறுபத்து நான்கு வீடுகளுக்கும் போய் விவரம் எடுக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. நானேதான் கேட்டு வாங்கினேன். எந்த வீட்டில் யார், எத்தனை பேர், என்ன உறவு, என்ன வேலை, எல்லாம் போட்டு ஆண்டு விழாவில் ஒரு கையேடு வெளியிடப் போகிறோம்.

"இணைச் செயலாளர் தமயந்தி மேடம் போனா யாரும் கதவைச் சாத்த மாட்டாங்க" என்றார் தலைவர் பாலகிருஷ்ணன் சார். எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டுதான்.

என் வீட்டுக்காரர் இந்த வாரமும் வரவில்லை. திண்டிவனம் சைட்டில் கான்கிரீட் போடுகிறார்களாம். சிந்துஜா "அப்பாவுக்குப் போன் பண்ணட்டுமா?" என்றாள். வேலையாக இருப்பார், வேண்டாம் என்றேன். சாம்பாரை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

ஜூன் 7, புதன்

இரண்டாம் குறுக்குத் தெருவை முடித்தேன். மனிதர்கள் எத்தனை விதமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்!

மூன்றாம் எண்ணில் கணவன், மனைவி, ஒரு நாய். நாயையும் உறுப்பினராகப் போடச் சொன்னார்கள். ஐந்தாம் எண்ணில் அப்பா கீழே, மகன் மாடியில். இரண்டு மீட்டர், இரண்டு கேஸ், ஒரே வாசலில் இரண்டு கோலம். மாமியாரும் மருமகளும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. கூட்டுக் குடும்பம் என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஒன்பதில் வயதானவர்கள் இருவர். டாலஸில் இருக்கும் பிள்ளைகளின் பெயரையும் பெரியவர் எழுதினார். அந்த அம்மாள் பேனாவை வாங்கி அடித்துவிட்டார். பன்னிரண்டில் ஐடி பையன்கள் நாலு பேர். "நாங்களும் ஒரு குடும்பம்தான் ஆன்ட்டி" என்றான் ஒருவன். பேச்சிலர் என்று எழுதினேன்.

முதலில் பூர்த்தி செய்தது எங்கள் படிவத்தைத்தான். ஞானவேல், தமயந்தி, சிந்துஜா. கணவன், மனைவி, மகள். அடித்தல் திருத்தல் இல்லை.

ஜூன் 9, வெள்ளி

எங்கள் எதிர் வரிசையில் பதினேழாம் எண். ஆறு மாதமாக வாடகைக்கு இருக்கிறார்கள். இந்திராணி, ஐம்பதை நெருங்குகிறாள், அரசு அலுவலகத்தில் கிளார்க். தேன்மொழி, முப்பத்தைந்து இருக்கும், வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். மகிழினி என்று ஒரு பெண் குழந்தை, ஐந்தாம் வகுப்பு. ஆண் இல்லை. ஹாலில் மாலை போட்ட படம் ஒன்றுதான்.

"வீட்டுக்காரருங்க. ஒம்பது வருஷமாச்சு" என்றாள் இந்திராணி.

"பொண்ணு உங்களுதா?"

"ஆமாங்க."

"இவங்க?"

இந்திராணி ஒரு நொடி தயங்கினாள். தேன்மொழி தையல் மெஷினை நிறுத்தாமலே, "தங்கச்சி" என்றாள்.

அக்கா நல்ல உயரம், மாநிறம். தங்கச்சி குள்ளம், சிவப்பு. அது நடப்பதுதான். ஆனால் குழந்தைக்குச் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழுகிறது. தேன்மொழிக்கும் அதே இடத்தில். இந்திராணிக்கு இல்லை.

உறவு என்ற இடத்தைப் பென்சிலில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10, சனி

அவர் வந்தார். சட்டைகளைத் துவைக்க எடுத்தேன். எல்லாம் ஏற்கெனவே துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. திண்டிவனத்தில் நல்ல லாண்டரி கிடைத்திருக்கிறது போல.

ஜூன் 18, ஞாயிறு

பதினேழாம் எண்ணில் இரண்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். கழுத்து அளவாக வந்திருக்கிறது. குறை சொல்ல முடியாது. நான் போனபோது இந்திராணி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், தேன்மொழி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குழந்தை இருவர் மடியிலும் பாதிப் பாதியாகப் படுத்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னது. மூன்று பேரும் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை, "வாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்கள்.

இந்திராணியை அடுத்த ஞாயிறு டீ சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 25, ஞாயிறு

வந்தாள். வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். சிந்துஜா மகிழினிக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். அவர் வரவில்லை, ஆடிட்.

இந்திராணி பேசுவதற்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கிறாள். நான் ஒன்றும் தோண்டவில்லை. "தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணலையா அக்கா?" என்று மட்டும்தான் கேட்டேன். கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அவ என் தங்கச்சி இல்லைங்க. எங்க வீட்டுக்காரரோட இன்னொரு சம்சாரம்."

என் கையில் கரண்டி இருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"அவரு மாரடைப்புல போனப்புறம் ஆபீஸ்ல பேப்பர் கேட்டாங்க. பீரோவைக் குடைஞ்சேன். துணிக்கு அடியில ஒரு மஞ்சப் பை. உள்ள ஒரு பிறப்புச் சான்றிதழ். செய்யாறு ஆஸ்பத்திரி, பெண் குழந்தை. தகப்பன் பேரு அவரு பேரு. தாய் பேரு இந்திராணின்னு போட்டிருக்கு. எனக்குக் கொழந்தையே பொறக்கலைங்க. ரெண்டாவது கல்யாணம் தெரிஞ்சா வேலை போயிடும்னு அவளைப் பிரசவத்துக்கு என் பேர்ல சேர்த்திருக்காரு. நான் கட்டில்ல உக்காந்து அந்தக் காயிதத்த அரைநாள் பாத்தேன்."

"அப்புறம்?"

"தேடிப் புடிச்சுப் போனேன். அடிக்கணும்னுதான் போனேன். ஒத்தை ரூம். புள்ளைக்கு எட்டு மாசம், நெருப்பா காய்ச்சல். அவரு செத்ததே அவளுக்குத் தெரியாது. பத்து நாளா வழி பாத்துக்கிட்டு இருக்கா. என்னைப் பாத்ததும் 'அவரு எங்க?'ன்னு கேட்டா. யாரைங்க அடிக்கறது? புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்க சீட்டு போடுறவன், அம்மா பேரு என்னன்னு கேட்டான். அவதான் 'இந்திராணி'ன்னா. காயிதத்துல இருக்கே, இருந்துட்டுப் போவோம்னு எனக்கும் தோணிச்சு."

"குழந்தைக்குத் தெரியுமா?"

"இல்ல. என்னை அம்மாங்குது, அவளைச் சித்திங்குது. கத்துக் குடுத்ததே அவதான். பெரிசானதும் ரெண்டு பேருமா உக்கார வச்சுச் சொல்லணும்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு இதெல்லாம் அசிங்கமாத்தான் இருக்கும். உங்க வீட்டுக்காரர் தங்கமானவரு. வெளியூர்ல கெடந்து ஒழைக்கிறாரு. இந்த வயித்தெரிச்சல் எல்லாம் உங்களுக்கு வேண்டாம்."

மீதி பஜ்ஜியைக் குப்பையில் கொட்டினேன். எண்ணெய் காறிவிட்டது.

ஜூன் 28, புதன்

மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து கன்டென்சரை மாற்றினான். கேட் பக்கம் நிற்கும்போது பதினேழிலிருந்து சிரிப்புச் சத்தம். அப்படிச் சிரிக்க அவர்களுக்கு என்னதான் இருக்கிறது?

ஜூலை 1, சனி

அவர் வந்தார். குளிக்கப் போனபோது பையை ஒழித்தேன். அடியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்து, பாதி தீர்ந்த பாட்டில். மூடியில் பிசுபிசுப்பு. சைட் வாட்ச்மேனின் பிள்ளைக்கு வாங்கியிருப்பார். இரக்க சுபாவம். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஜூலை 3, திங்கள்

இன்று ஒரு பொறுப்பான காரியம் செய்தேன். குழந்தைகள் பாதுகாப்புக்கு ஒரு போன் நம்பர் இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. ஒரு குழந்தை, பெறாதவள் பெயரில், பொய்ச் சான்றிதழில் வளர்கிறது, பள்ளியிலும் அதே பொய், என்று விவரம் சொன்னேன். செய்யாறு ஆஸ்பத்திரி, மஞ்சப் பை எல்லாம் சொன்னேன். சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு லாபமும் இல்லை. குழந்தைக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சிந்துஜா மாடிப்படியில் நிற்கிறாள். "காலேஜ் போகலையா?" என்றேன். தலைவலி என்றாள்.

ஜூலை 4, செவ்வாய்

இட்லிக்கு அரைத்தேன்.

ஜூலை 12, புதன்

வந்துவிட்டார்கள். இரண்டு பெண் அதிகாரிகள், ஒரு பெண் போலீஸ். மாலை நாலரை மணி. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சங்கத்திலிருந்து சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றார்கள். பாலகிருஷ்ணன் சார் ஊரில் இல்லை. நான்தான் போனேன்.

மூத்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "பொண்ணைப் பெத்தது யாரும்மா?" தேன்மொழி, "நான்" என்றாள். "அப்ப சர்டிஃபிகேட்ல?" குழந்தை பள்ளிச் சீருடையிலேயே இருந்தது. "சித்தி, என்ன சொல்றே?" என்று கேட்டது. தேன்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, சித்தி என்ன சொல்லுது?" என்று இந்திராணியைக் கேட்டது.

விசாரணை முடியும்வரை குழந்தை அரசு இல்லத்தில் இருக்க வேண்டுமாம். சட்டம் அப்படி. இந்திராணி அதிகாரி காலில் விழுந்தாள். தேன்மொழி விழவில்லை. இரண்டு ஜோடி துணி, பல்தேய்க்கும் பிரஷ், தலைக்குத் தேங்காயெண்ணெய் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். எண்ணெய்க் குப்பி இரண்டு முறை விழுந்தது. குழந்தை வேனில் ஏறும்வரை அழவில்லை. கதவைச் சாத்தியதும் கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டே போயிற்று.

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அந்தப் பெண் போலீஸ் சொன்னாள்.

ஜூலை 13, வியாழன்

காலையில் இந்திராணி நம் வீட்டு வாசலில். முகம் கழுவாமல், நேற்றுப் புடவையோடு. "எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா தமயந்தி?" என்று தோளில் சாய்ந்துவிட்டாள். நான் மனு எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். "வணக்கத்திற்குரிய ஐயா" என்று தொடங்கி, நானே அழும்படி எழுதியிருக்கிறேன். நகல் எடுத்து, கூடவே மாவட்ட அலுவலகத்துக்கும் போனேன். ஆட்டோவில் முழுவதும் என் கையை விடவில்லை. அவளுடைய கை ஜில்லென்று இருந்தது.

செய்யக்கூடிய உதவியைச் செய்யாமல் இருக்க என்னால் முடியாது.

ஜூலை 23, ஞாயிறு

இல்லத்தில் பார்க்க விட்டார்கள். இருவரோடும் நானும் போனேன். குழந்தைக்குப் பேன் தொல்லை என்று முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அங்கே இருக்கும் ஆலோசகர் உண்மையைச் சொல்லிவிட்டாராம், பக்குவமாக.

மகிழினி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தேன்மொழி முறுக்கு கொடுத்தாள், வாங்கவில்லை. இந்திராணி, "அம்மாகிட்ட வாடா" என்றாள்.

"நீங்க அம்மா இல்லையாம்" என்றது குழந்தை. சாதாரணமாக, கணக்கு விடை சொல்வதுபோல. பிறகு தேன்மொழியைப் பார்த்து, "நீ ஏன் என்னை வேணாம்னு அவங்களுக்குக் குடுத்த?" என்றது.

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். மகிழினி என்னிடம் வந்து, "ஆன்ட்டி, சிந்துக்கா என் கணக்கு நோட்டைத் திருத்திட்டாங்களா?" என்று கேட்டாள். திருத்தியாகிவிட்டது, எல்லாம் சரி என்றேன்.

வரும் வழியில் மாதவரம் பக்கம் நெரிசல். ஒன்றரை மணி நேரம்.

ஜூலை 29, சனி

அவர் வரவில்லை. காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சிந்துஜா தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை.

"அன்னிக்கு நீதான போன் பண்ணின?"

"எந்தப் போன்?"

"நான் கேட்டேம்மா. மாடிப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டேன்."

"பொய்ச் சான்றிதழ் வச்சிருந்தா அது குத்தம். இன்னிக்கில்லைன்னா நாளைக்கு வெளிய வரும்."

"சரி. திண்டிவனத்துல அப்பாவோட அந்த வீட்டுக்கு நீ ஏன் போன் பண்ணல?"

என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தோசை கருகிவிட்டது. சுரண்டி எடுத்துக் கல்லைக் கழுவினேன். திரும்பிப் பார்த்தபோது தட்டு மேடையில் இருந்தது, அவள் இல்லை.

வெங்காயம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, சனி

சிந்துஜா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் அலைய முடியவில்லையாம். அவரிடம் நேராகப் பேசி அனுமதி வாங்கியிருக்கிறாள். இரண்டு பெட்டி. நான் ஊறுகாய் கொடுத்தேன். எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியதும் இறங்கி வந்து அதைக் கேட் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

குக்கருக்குக் கேஸ்கெட் மாற்றினேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. தேன்மொழிதான் தாய். குழந்தையை அவளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் பொய்ச் சான்றிதழைத் தெரிந்தே பயன்படுத்தியதற்காக இந்திராணிமேல் வழக்கு. அது முடியும்வரை அவள் குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அலுவலகத்திலும் விசாரணை, தற்காலிக நீக்கம். ஒரு வாரத்துக்குள் இந்தத் தெருவையே விட்டு வெளியேற வேண்டும். அருப்புக்கோட்டையில் தம்பி வீடு இருக்கிறதாம். பேசி பதினைந்து வருஷம் ஆகிறதாம்.

தெருவில் இப்போது எல்லோருக்கும் தெரியும். "நம்ம தெருவுலயா இப்படி!" என்று ஐந்தாம் எண் மாமியாரும் மருமகளும் ஒரே வாசலில் நின்று பேசினார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு.

குழந்தை வந்த வேனை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். இந்திராணி கேட்டுக்கு வெளியே சாலையில் நின்றாள். உத்தரவாம். குழந்தை அவளைக் கடந்து உள்ளே போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரமும் அவள் நம் மாடி அறையில்தான் தங்கப் போகிறாள். நானே சொன்னேன், சிந்துஜா அறை சும்மாதானே கிடக்கிறது என்று.

ஆகஸ்ட் 28, திங்கள்

இந்திராணி மாடியில் இருக்கிறாள். சத்தமே இல்லை. துணியை மடித்து வைக்கிறாள், எனக்குக் கீரை ஆய்ந்து கொடுக்கிறாள். மாடி ஜன்னலிலிருந்து பதினேழாம் எண் தெரிகிறது. நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். இன்று குழந்தை மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்திருக்கிறது. இவள் கையசைத்தாளாம். குழந்தை துணியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டதாம். "கோவம் இருக்கறது நல்லதுதான். மறந்துட்டாத்தான் பயம்" என்றாள் என்னிடம். கீரையில் ஒரு புழுகூட இல்லாமல் ஆய்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

காலை பத்து மணிக்கு இந்திராணி கிளம்பினாள். ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப் பை. எனக்கு ஒரு புடவை வைத்துக் கொடுத்தாள், பச்சை சுங்குடி. "கூடப் பொறந்தவ மாதிரி செஞ்சீங்க. ரெண்டு பேரையும் உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்." என் கன்னத்தைத் தடவினாள்.

தேன்மொழி சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவரை வந்தாள். தேன்மொழி குனிந்து அவள் புடவைக் கொசுவத்தைச் சரி செய்துவிட்டாள். இந்திராணி பதினேழாம் எண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

ஆட்டோ திரும்பியதும் நான் உள்ளே வரப் பார்த்தேன். "மேடம்" என்றாள் தேன்மொழி.

"விசாரணையில எனக்குப் புகாரைப் படிச்சுக் காமிச்சாங்க. மஞ்சப் பைன்னு இருந்துச்சு. மஞ்சப் பை எனக்கே தெரியாது மேடம். அக்கா என்கிட்டகூட சொன்னதில்ல. அன்னிக்கு உங்க வீட்ல டீ குடிச்சிட்டு வந்து, 'இன்னிக்குத்தான் மஞ்சப் பை கதை வரைக்கும் ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசினேன், உனக்கும் ஒருநாள் சொல்றேன்'னாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எல்லாம் குழந்தையின் நன்மைக்காக என்று சொல்ல நினைத்தேன் என்று ஞாபகம்.

"அக்காகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். எல்லாம் போயிடுச்சு அவங்களுக்கு. நீங்க நல்லவங்கங்கிறது ஒண்ணாவது மிச்சம் இருக்கட்டும்."

கத்தவில்லை. அதே தெருவில் பத்துப் பேர் நிற்கும்போது, காய்கறி விலை கேட்பதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மதியம் சாப்பிடவில்லை. பசியில்லை.

செப்டம்பர் 9, சனி

அவர் வந்தார். சிந்துஜாவை ஹாஸ்டலில் பார்த்துவிட்டு வந்தாராம், நன்றாக இருக்கிறாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 14, வியாழன்

காலை ஏழே முக்காலுக்குப் போன். இந்திராணி. அருப்புக்கோட்டையிலிருந்து. பின்னால் யாரோ ஒரு பெண் பாத்திரத்தைப் போட்டு உருட்டும் சத்தம்.

"தொந்தரவு பண்றேன் தமயந்தி. மகிழினி போன்ல என்கிட்ட பேச மாட்டேங்குறா. தேனு நல்லாருக்கான்னுதான் சொல்றா, அவ எப்பவும் அப்படித்தான் சொல்லுவா. ஸ்கூல் வேனுக்கு நிக்கிற நேரம்தான? உங்க ஜன்னல்லேருந்து தெரியுமே. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? என்ன பண்றா?"

போனோடு ஜன்னலுக்குப் போனேன். வேன் நிற்கும் வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் ஆறேழு பேர் கும்பலாக நின்றார்கள். மகிழினி தனியாக, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நின்றாள். அவளோடு சேரக் கூடாது என்று வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள் போல. ஒரு பையன் அவளைப் பார்த்து ஏதோ கேட்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு அம்மாவா என்று கேட்டிருப்பான். அவள் ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?" என்றாள் இந்திராணி.

"தெரியுது அக்கா."

"என்ன பண்றா?"

"பிள்ளைங்களோட நிக்கிறா. பேசிட்டு இருக்கா."

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா."

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுவது நின்றிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"முடி வளந்துடுச்சா?"

"கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. ரிப்பன் கட்டியிருக்கா."

"என்ன கலர்?"

ரிப்பன் இல்லை. முடி இன்னும் காதைக்கூடத் தொடவில்லை.

"செவப்பு" என்றேன்.

வேன் வந்தது. மற்ற பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் கடைசியாக ஏறினாள். உள்ளே அவளுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. வேன் கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கடவுளா பாத்து உங்களை அங்க வச்சிருக்காரு" என்றாள் இந்திராணி. "நாளைக்கும் இதே நேரத்துக்குப் பண்ணட்டுமா?"

பண்ணுங்க என்றேன்.